கலையரங்கம் தூரமாகப் போன கதை

அரசு மருத்துவமனை முதன்முதலாகப் பன்னிரண்டு அடி முன்னால் நகர்ந்து வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். முந்தின நாள் பத்திரிகையில் அதைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னல் தலைக்கு மேலே இருக்கிறது, நோயாளிகள் எம்பி எம்பி மாத்திரை வாங்குகிறார்கள், இது மருத்துவமனையா உடற்பயிற்சிக் கூடமா என்று கேட்டிருந்தது கட்டுரை. விடிந்து பார்த்தால், கட்டிலும் நோயாளியும் மருந்துப் பாட்டிலும் சிந்தாமல் சிதறாமல், மொத்தக் கட்டடமும் கடைத்தெருப் பக்கமாக வந்து நிற்கிறது. தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் தேவையான அளவுக்குத் தாமாகவே நீண்டிருந்தன. நகராட்சிப் பொறியாளர் வந்து டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, பன்னிரண்டு அடிதான், சந்தேகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் மட்டும் தன் பெஞ்சைப் போட இடமில்லாமல் போயிற்றே என்று முணுமுணுத்தார்.

நாலைந்து தடவை இப்படி நடந்ததும் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பத்திரிகை எந்தப் பொது இடத்தைக் குறை சொல்கிறதோ அது மக்களை நோக்கி நகரும். எதைப் புகழ்கிறதோ அது பின்வாங்கும். சொல்லும் குறை உண்மையாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இந்தக் கட்டுரைகளை எழுதிய பெண்மணிக்கு ஊரார் வைத்த பெயர் குண்டூசி. அவர் எழுத எழுத மருத்துவமனை வந்துகொண்டே இருந்தது. கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதினார், வந்தது. பெரிய டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே மருந்து எழுதுகிறார் என்று எழுதினார், ஒரு தெருவையே தாண்டி வந்தது. பெரிய டாக்டர் ஞாயிறுதோறும் பத்திரிகையைச் சுருட்டித் தரையில் அடிப்பார். திங்கட்கிழமை தாழ்ப்பாள் வாங்க ஆளனுப்புவார். சில வருடங்களில் மருத்துவமனை கடைத்தெருவின் நட்டநடுவில், பேருந்து நிலையத்துக்கு எதிரே வந்து நின்றது. காய்கறி வாங்கப் போனவர்கள் பையும் கையுமாக உள்ளே நுழைந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள்.

இதைப் பார்த்து வயிறெரிந்தவர் நகராட்சிக் கலையரங்கத்தின் மேலாளர். அவர் பெரிய டாக்டரின் சகலை. டாக்டர் அக்காவைக் கட்டியிருந்தார், இவர் தங்கையைக் கட்டியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்தே இவருக்கு அந்த மனிதரைக் கண்டால் ஆகாது. டாக்டர் தும்மினால் மாமனார் வீட்டில் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார்கள். இவர் இருமினால் வெளியே போய் இருமிவிட்டு வரச் சொல்வார்கள். குடும்பப் புகைப்படத்தில் டாக்டருக்கு நாற்காலி, இவருக்குக் கதவோரம். அந்தப் படத்தில் இவருடைய பாதி முகம் கதவு நிழலில் இருக்கும். இத்தனைக்கும் ஈடாக அவருக்கென்று இருந்தது பத்திரிகையின் பாராட்டு மட்டும்தான். ஊரெல்லாம் குத்திய குண்டூசி, அரங்கத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் உருகி உருகி எழுதினார்.

அது சும்மா கிடைத்த உருக்கமில்லை. குண்டூசிக்கென்று முதல் வரிசையில் நடு இருக்கை, அதற்கு நேர் மேலே ஒரு மின்விசிறி, இடைவேளையில் ஆவி பறக்கும் காபி. நாடகமோ கச்சேரியோ, நடப்பது எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் கண்ணுக்கும் செவிக்கும் நிறைவாக அமைந்துவிடும். அப்படி நிறைந்த ஒவ்வொரு தடவையும் அரங்கம் கொஞ்சம் பின்னால் போனது. முதலில் நடந்து வந்தவர்கள் அப்புறம் பேருந்தில் வந்தார்கள், அப்புறம் இரண்டு பேருந்து மாறி வந்தார்கள், அப்புறம் அவ்வளவாக வரவில்லை. அரங்கம் ஊருக்கு வெளியே, கல்லும் முள்ளுமான பொட்டலில், நிறைவாகவே நின்றது.

மேலாளரின் குடியிருப்பு அரங்கத்தின் முதுகோடு ஒட்டியது. அரங்கம் போன இடத்துக்கெல்லாம் சமையலறையும் போனது, அதில் நின்றிருந்த மனைவியும் போனார். "அக்கா வீட்டுக்காரரோட ஆஸ்பத்திரி பஸ்ஸ விட்டு இறங்கினா கால்ல இடிக்குது. நம்ம வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள வாங்கின தயிர் புளிச்சுப் போகுது," என்றார் அவர். ஒருநாள் துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு ஊருக்குள் இருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க கிட்ட வாங்க, நானும் வந்துடறேன்." மனைவி இல்லாத வீட்டில் மேலாளர் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். மனைவி போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். போன இடம் அந்த டாக்டரின் வீடாக இருந்ததைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

வேறு வழியில்லாமல் குண்டூசியிடம் போய், தன்னையும் நாலு வார்த்தை திட்டி எழுதும்படி கெஞ்சினார். குறை என்னவென்று சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றார் குண்டூசி. மேலாளர் பேனாவும் கையுமாக உட்கார்ந்து வெகுநேரம் யோசித்து, கடைசியில் தானே எழுதிக் கொடுத்தார்: அரங்க மேலாளரிடம் ஒரு பெரிய குறை உண்டு, தன் உடம்பைக் கவனிக்காமல் கலைக்காக ஓடாய்த் தேய்கிறார். குண்டூசி அதை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டார். மறுநாள் அரங்கம் இன்னும் அரை மைல் பின்னால் போய்விட்டது.

தான் கிட்டே போக முடியாவிட்டால் டாக்டரைத் தூரத்துக்கு அனுப்பலாமே என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. பெரிய டாக்டருக்கு அரங்கத்தில் ஒரு பாராட்டு விழா எடுத்தார். அப்படியொரு பாராட்டு அந்த மேடையில் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை. என் சகலை மனிதரே இல்லை, தெய்வம் என்று மேலாளர் தொண்டை அடைக்கப் பேசினார். அது பொறாமையில் அடைத்த தொண்டை என்பது யாருக்கும் தெரியவில்லை. என்ன பெருந்தன்மை என்று கூட்டம் கைதட்டியது. பேச்சு முழுவதும் பத்திரிகையில் பக்கம் நிறைய வந்தது. விழா முடிந்ததும் டாக்டர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். "உண்மையச் சொல்றேன் சகலை. உங்க அரங்கத்தைப் பத்தி வர்றதப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது. நாள் பூரா நாய் மாதிரி உழைக்கிறோம், நம்மள யாராவது ஒரு வரி நல்லதா எழுதறாங்களான்னு பொருமுவேன்." தன்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்பட்டிருக்கிறார் என்பது மேலாளருக்கு அந்த வாழ்க்கையில் கிடைத்த முதல் இனிப்பு. அந்த வாரமே மருத்துவமனை கடைத்தெருவை விட்டுக் கிளம்பி, பின்பக்கமாகவே நடந்துபோய், பொட்டலில் அரங்கத்துக்குப் பக்கத்தில் நின்றது.

பாராட்டு தொற்றிக்கொண்டது. டாக்டருக்கு எடுத்தால் எனக்கு ஏன் எடுக்கக்கூடாது என்று பள்ளித் தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது. அவருக்கு எடுத்ததும் நீதிபதிக்கு முகம் சுண்டியது. நீதிபதியைப் பார்த்துத் தபால் அதிகாரி சாப்பிடாமல் கிடந்தார். பத்திரிகை முதலாளிக்கும் இது வசதியாக இருந்தது. திட்டினால் வழக்கு வரும், பாராட்டினால் விளம்பரம் வரும். பள்ளிக்கூடம், நீதிமன்றம், தபால் நிலையம் எல்லாம் வரிசையாகப் பொட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. ஊரின் நடுவே பெரிய வெறும் தரை விழுந்தது. அதில் மாடுகள் படுத்திருந்தன. குண்டூசியை வானிலை எழுதச் சொல்லிவிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் டாக்டரின் மனைவிக்கு, அதாவது அக்காவுக்கு, மூச்சுத்திணறல் வந்தது. முன்பானால் இரண்டு தெரு தள்ளி இருந்திருக்க வேண்டிய மருத்துவமனைக்கு, சேறும் பள்ளமுமாக ஊரைத் தாண்டி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். தங்கைதான் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் அக்காவின் உதடு நீலமாகிவிட்டது. பிழைத்தார், ஆனால் ஒரு மயிரிழையில்தான். அக்காவுக்குக் குழாய் மாட்டியதைப் பார்த்துவிட்டுத் தங்கை நேராகப் பக்கத்துக் கட்டடத்துக்கு வந்தார். கதவைத் திறந்த கணவனிடம், "ஊருக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியும் நீங்க எதுக்கு விழா எடுத்தீங்கன்னு. உங்க வயித்தெரிச்சலுக்கு எங்க அக்கா மூச்சுதான் கிடைச்சுதா?" என்றார். வெட்கம் என்பது இவ்வளவு சூடாக இருக்கும் என்று மேலாளர் நினைத்ததில்லை.

அங்கிருந்து தங்கை போனது குண்டூசியிடம். எல்லாவற்றையும் குண்டூசி கேட்டுக்கொண்டார். முதல் வரிசையிலிருந்து ஒருநாளும் நான் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை என்றார். "நீங்க எங்கம்மா உக்காருவீங்க?"

"கடைசி வரிசைங்க. மேலாளர் பொண்டாட்டிக்கு வேற எங்க இடம் கிடைக்கும்?"

"அப்போ நீங்கதான் எழுதணும்."

வானிலைக்கு ஒதுக்கிய பக்கத்தில், முதலாளி வெளியூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கை எழுதியது வந்தது. மருத்துவமனையைப் பற்றி அரைப் பக்கம்: விழாவுக்குப் போன பெரிய டாக்டர் அன்று முழுக்க வார்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து, பிராணவாயு சிலிண்டரின் சாவி யாரிடம் இருக்கிறதென்று யாருக்குமே தெரியாதது வரைக்கும். அரங்கத்தைப் பற்றிக் கால் பக்கம். ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் ஒரு சொல்லும் கேட்காது, மின்விசிறி முதல் வரிசைக்கு மட்டும்தான், நகராட்சியைக் கிண்டல் செய்த நாடகத்துக்குத் தேதி தரவேயில்லை, மேலாளரைப் புகழும் குழுக்களே மாறி மாறி ஆடுகின்றன. கடைசி வரி இப்படி இருந்தது: இத்தனை வருடத்தில் அந்த மேடையில் முழு மனதோடு நடந்தது ஒரே ஒரு நிகழ்ச்சி, அது மேலாளரின் பொறாமை.

மேலாளர் அதைப் படித்து முடிக்கும்போது வீடு குலுங்கியது. கலையரங்கமும் மருத்துவமனையும் ஒன்றாகவே கிளம்பின. வயல் தாண்டி, ரயில் தண்டவாளம் தாண்டி, தெருத்தெருவாக அவை வந்ததை ஊர் மாடியில் நின்று பார்த்தது. அவமானத்தில் காது சிவந்திருந்த நேரத்திலும் மேலாளர் ஜன்னல் வழியாக எட்டி, மருத்துவமனை எவ்வளவு முன்னால் போகிறது என்று பார்த்துக்கொண்டேதான் வந்தார். அது கடைத்தெருவுக்கே போய் நின்றது. அரங்கம் இரண்டு தெரு பின்தங்கி, டாக்டர் வீட்டுக்கு நேர் எதிரே வந்து நின்றது. எதிர்வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் மேலாளர் இறங்கி வந்தார். பத்திரிகை கையில் இருந்தது. கண் நிறைந்திருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவருக்கு அரைப் பக்கம், எனக்குக் கால் பக்கம்தானா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பேப்பர்ல அவ்வளவுதான் இடம் குடுத்தாங்க. மிச்சத்தை வீட்ல சொல்றேன், வாங்க."

அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பத்திரிகையில் வராத குறைக்கும் கட்டடம் நகரும் என்பது அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பெரிய டாக்டர் தன் வீட்டு வாசல்படியை இடித்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார்.