சுவரில் ஒட்டிய தாள்

நூலகத்திலிருந்து வந்த பெரின் புத்தகத்தை மெல்ல மூடினாள். "நடுவுல ஒரு தாள் இல்லையே மேடம். யாரோ கிழிச்சிருக்காங்க."

யாரோ என்ன யாரோ. என் கணவர் அன்செல்மைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மறுபடியும் அவர் தொலைத்ததைத் தேடி நான் வீட்டைக் கவிழ்க்க வேண்டும்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஷரான்த் ஆற்றங்கரையில் சூளை வைத்திருந்த ஒரு குயவன் எழுதியது அந்தப் புத்தகம். ஊற்று எங்கிருந்து வருகிறது, பாறைக்குள் கடல்சிப்பி எப்படிப் போனது, எந்த மண் எந்தச் சூட்டில் வெடிக்கும் என்றெல்லாம் எழுதியவன், பாண்டங்களுக்குப் பூசும் வெள்ளைப் பூச்சுக்கு எதை எவ்வளவு சேர்ப்பது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டான். மிச்சமிருக்கும் பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று மாமனார் வழியாக வந்து எங்கள் சமையலறையில் வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தது. சொல்லாமல் விட்ட அந்த அளவைக் கண்டுபிடிப்பதிலேயே அன்செல்மின் ஆயுள் போயிற்று. பழைய குயவனைப் போலவே நிஜத் தவளையை அச்செடுத்துத் தட்டுகளில் வார்ப்பார். நான் குளிக்கப் போனால் தொட்டியில் தவளை இருக்கும். இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

புத்தகம் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பது அவர் கடைசியாகக் கேட்டது. முழுதாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்றது ஊர் நூலகம். பாதிப் பங்குக்காரியான அவருடைய அக்கா ஓடெத்துக்குப் பொறுமையில்லை.

"உன் புருஷன் இருந்தும் படுத்தினான், செத்தும் படுத்துறான். பாரிசுக்கு ஏலத்துக்கு அனுப்பித் தொலைப்போம்."

"உங்க தம்பிதான் அண்ணி. நான் வளர்க்கல."

திராட்சை மது அறை, அவருடைய பூட்ஸ், மாவு டப்பா என்று எல்லாவற்றையும் மூவரும் கிளறினோம். கடைசியில் பட்டறையில், சூளைக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கிய அவருடைய மேலங்கியை ஓடெத் எடுக்க, பின்னால் இருந்தது தாள். வெள்ளைப் பூச்சைப் பற்றிய தாள்தான். கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும் குழைமண்ணால் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். மேசை இழுப்பறை நிறைய ஆணி கிடக்கிறது, குண்டூசி கிடக்கிறது. அவருக்கு இரண்டு பொருளைச் சேர்க்க வேண்டுமென்றால் மண்தான்.

காய்ந்தபடியே இழுத்தால் தாள் சிதைந்துவிடும் என்றாள் பெரின். சுடாத மண் என்பதால் நனைத்தால் இளகுமாம். ஈரத்துணியை ஒற்றி ஒற்றிக் காத்திருந்தாள். ஓடெத் விளக்கைப் பிடித்துக்கொண்டு தம்பியைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

தாளின் மேல் மூலை இளகி வந்தது. பெரின் அதைத் தூக்கிப் பிடித்தாள். அடியில் மண் மறுபடி குழைந்திருந்தது. அதில் அன்செல்மின் மூன்று விரல்கள் பக்கவாட்டில் இழுத்த தடம், இப்போதுதான் பூசிவிட்டுக் கை கழுவப் போனதுபோல் பளபளத்தது. ஓடெத்தின் திட்டு நின்றது.

"இத வழிச்சு எடுத்தாத்தான் மீதித் தாள் கிழியாம வரும்," என்றாள் பெரின், துணியைப் பிழிந்தபடி. "வழிக்கட்டா மேடம்?"

தாளின் விளிம்பிலிருந்து இறங்கிய தண்ணீர் அந்த விரல் தடங்களின் பள்ளத்தில் நிறைந்து, மண்ணோடு கலந்து, பால்போல் சுவரில் வழியத் தொடங்கியது.