ஒரு கல் உப்பு

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான். "பிரமாதம்டா" என்றேன். குழம்பில் ஒரு கல் உப்புகூட இல்லை.

2.
முதல் வரி இப்படி இருந்தது: 'அன்று மாலை வானம் செவ்' – அடித்துவிட்டேன். வானத்தை யார் பார்த்தார்கள்? எல்லோருக்கும் பசி.

மறுபடி. லிஃப்ட் மெக்கானிக் விருந்து வைத்தான். நான்கு நாள் விடுமுறை. எங்கள் குடியிருப்பில் ஊருக்குப் போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் பஸ் ஓட்டும் அக்கா, பல் டாக்டர், கதை எழுதுகிறேன் என்று திரியும் நான். அவன் வீட்டில் நாற்காலி மூன்றுதான். நான்காவதாக டூல் பாக்ஸைக் கவிழ்த்துப் போட்டு, ஆடாமல் இருக்க அட்டை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். உப்பு மறந்தது அப்போதுதான்.

(இங்கே அவன் இளமைக் காலம் பற்றி ஒரு பத்தி இருந்தது. குழம்பு ஆறிவிடும் என்று எடுத்துவிட்டேன்.)

3.
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு விண்ணப்பம் ஒட்டியிருந்தது, சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு. கையெழுத்துதான் பாக்கி. "நாலு வருஷம் ஆச்சு. இங்க எனக்குன்னு யாரு இருக்கா?" என்று காலையில் தங்கையிடம் போனில் புலம்பியிருந்தான்.

நான் பிரமாதம் என்றேனா, டாக்டரும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். அவன் முதல் வாய் வைத்தான். முகம் சுருங்கிவிட்டது. உப்பு போனால் போகட்டும். ஊரில், வீட்டில் என்றால் தங்கை தட்டைத் தள்ளிவிட்டிருப்பாள். இவர்கள் மரியாதையாகச் சாப்பிடுகிறார்கள். அப்படியானால் வெறும் விருந்தாளிகள்தான். பேனாவை எங்கே வைத்தோம் என்று யோசித்தான்.

4.
முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறான். எழுதியே விட்டேன், சோகமாக, அழகாக வந்திருந்தது. அக்கா கெடுத்துவிட்டார்.

"டேய், உப்பே இல்லடா! உங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சா?"

டாக்டர் நெளிந்தார். "எனக்கும் தெரிஞ்சுது... எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"வாயைத் தொறந்துதான். ஊர் வாயையெல்லாம் தொறக்கச் சொல்றீங்கல்ல?"

அவன் துள்ளி எழுந்தான். உப்பு டப்பாவோடு வந்து, "இன்னும் என்ன குறை? ஒண்ணு விடாம சொல்லுங்க!" என்றான். சொன்னோம். சோறு குழைந்துவிட்டது, காரம் போதாது, டூல் பாக்ஸ் குத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் அவன் முகம் மலர்ந்தது. ஜெயித்துவிட்டான் பயல்! குழம்பை மறுபடி சுட வைத்து வந்து, ஃபிரிட்ஜிலிருந்து விண்ணப்பத்தைப் பிய்த்தெடுத்து மேசையில் போட்டு, அதன்மேல் சட்டியை இறக்கினான்.

5.
இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்த மேசையில் நான் சொன்ன பொய் அப்படியே கிடக்கிறது. ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. கடைசிவரை வந்துவிட்டீர்கள், 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். எங்கே குறைகிறது, சொல்லுங்கள். டப்பா என் கையில்தான் இருக்கிறது.