வரிசையில் நின்றவர்

ஷெஃபீல்டு நகரின் வாக்லி மேட்டிலுள்ள கோப்லி தெரு, 1976 முதல் ஏழு வருடங்களுக்கு, செவ்வாய்க்கிழமைகளில் 1941இலும் வெள்ளிக்கிழமைகளில் 4200இலும் இருந்தது. மற்ற நாட்களில் தன் சொந்த ஆண்டிலேயே இருந்தது. செவ்வாய்தோறும் குப்பை லாரியைக் கண்டு பால் வண்டிக் குதிரை மிரள்கிறது என்று தெருக்காரர்கள் நகராட்சிக்கு எழுதினார்கள். குப்பை அள்ளும் நாள் புதனுக்கு மாற்றப்பட்டது. அதற்கு மேல் யாருக்கும் புகார் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலப் பயணம் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றை அங்கே படம் பிடித்தார்கள். அந்தத் தொடரில் ஷெஃபீல்டு பதினொரு முறை தோன்றியது. ஒருமுறைகூட ஷெஃபீல்டாக அல்ல. குண்டு விழும் லண்டனாக, பனி மூடிய மாஸ்கோவாக, ஒரு தடவை பெயரில்லாத நிலவாகக்கூட வந்தது. நிலவிலும் தங்கள் செங்கல் வீடுகள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் விளக்குகளையும் கம்பிகளையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் போயின. விரித்த ஆண்டுகளில் இரண்டை மட்டும் சுருட்ட மறந்துவிட்டார்கள்.

படப்பிடிப்பு நடந்த நாட்களில் துணை நடிகர்களுக்குச் சர்ச் கூடத்தில் காலை உணவு கொடுத்தவர் ஈனிட் ஸ்டானிஃபோர்த். பள்ளிக்கூடச் சமையற்காரி, ஐம்பத்தொரு வயது, கணவர் இறந்து ஒன்பது வருடம். ஒரு வெள்ளிக்கிழமை வரிசையின் கடைசியில், தையலே இல்லாத சாம்பல் நிற அங்கியில் ஒருவர் நின்றார்.

"சர்க்கரை எத்தனை கண்ணு?"

"எத்தனை போடலாம்?"

"ரெண்டு," என்று ஈனிட்டே முடிவு செய்தார்.

மூன்று வாரம் அவர் தினமும் வந்து நின்றார், தேநீரும் பன்றியிறைச்சி ரொட்டியும் வாங்கிக்கொண்டார். அவரை யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. "வேஷத்தைக் கழட்டவே மாட்டேங்குறாரேடி. குளிக்கிறதும் அதோடதானா?" என்று அடுத்த வீட்டு மேவிஸ் கேட்டாள். லாரிகள் போன மறுநாள் காலையிலும், பூட்டிய கூடத்தின் முன் ஒற்றை ஆளாக அவர் வரிசையில் நின்றார். அப்போதுதான் அவர் நடிகர் இல்லை என்பது தெருவுக்கு உறைத்தது.

அவர் பெயர் லோவன் கிரீவ்ஸ். 4200ஆம் ஆண்டின் ஷெஃபீல்டுக்காரர். இரண்டாயிரம் வருடம் கழித்தும் அங்கே ஒரு கிரீவ்ஸ் இருப்பதில் வாக்லியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தன் காலத்தில் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்றும், இத்தனை பேர் ஒருவர் பின் ஒருவராக அமைதியாக நிற்பதைப் பார்த்ததும் தானும் நிற்க ஆசைப்பட்டதாகவும் சொன்னார். ஈனிட் தன் பின்னறையை அவருக்கு வாடகைக்கு விட்டார். ஏழு வருடம் மாலைகளில் இருவரும் சன்னலருகே எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சில மாலைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது இருவருக்கும் போதுமானதாக இருந்தது; அல்லது போதும் என்று ஈனிட் நினைத்துக்கொண்டார்.

1983இல் தொடர் நின்றது. விட்டுப்போன ஆண்டுகளை ஜூன் ஒன்பதாம் தேதி எடுத்துப் போவதாகவும், அந்தந்த ஆண்டைச் சேர்ந்தவர்களும் அதோடு வர வேண்டும் என்றும் கடிதம் வந்தது. ஈனிட் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஆறு பேருக்குப் போதுமான உருளைக்கிழங்கைத் தோலுரித்தார்.

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்றாள் மேவிஸ்.

"அவரைச் சொல்ல நான் யாரு?"

"நீ யாருன்னு தெருவுக்கே தெரியும். உனக்குத்தான் இன்னும் சேதி வரல."

அன்று பிற்பகல் ஈனிட் மேட்டின் மறுபக்கம் நடந்துபோய், நகராட்சித் தோட்டத் துண்டுகளுக்குச் செயலாளரான பெர்சி டங்வொர்த்தைப் பார்த்தார். காய்கறி போட ஒரு துண்டு நிலம் கிடைக்க அங்கே பதினொரு வருடம் காத்திருக்க வேண்டும். லோவனின் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவருக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.

ஒன்பதாம் தேதி பழுப்புக் கோட்டு போட்ட இருவர் வந்தார்கள். 1941ஐ மதியத்துக்குள் சுருட்டிக் கயிறு கட்டினார்கள். கரிப்புகையும் குதிரையும் உள்ளே போயின. 4200 இலேசாக இருந்தது, ஆனால் ஈனிட்டின் பதினேழாம் எண் வீட்டு வாசலில் சிக்கியது. அங்கே லோவன் நின்றிருந்தார்.

"கொஞ்சம் வர்றீங்களா ஐயா?" என்றார் இருவரில் பெரியவர்.

"அவரு வர முடியாது," என்றார் ஈனிட். "வரிசையில இருக்காரு. தோட்டத்துக்கு. முன்னாடி முப்பத்தெட்டுப் பேரு."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "எவ்வளவு நாளா?"

"ஆறு நாளா," என்றார் லோவன்.

"ஆறே நாளுதானே!" என்றான் சின்னவன்.

"வாயை மூடுடா. ஆறு நாளோ அறுபது வருஷமோ, வரிசையில நிக்கிற மனுஷனைக் கையைப் பிடிச்சு இழுப்பியா? உங்கம்மா உன்னை வளர்த்த லட்சணமா இது?" பிறகு ஈனிட்டைப் பார்த்தார். "ஆனா பதினோரு வருஷம் இவரு எங்கம்மா தங்குவாரு? ஃபாரத்துல எழுதணும்."

உள்ளே கெட்டில் கொதித்து, ஊதி, தானே அடங்கியது. சின்னவன் காலை மாற்றி நின்றான். லோவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான்," என்றார் ஈனிட் கடைசியில். "பின்னறையில இல்ல. என்கூட."

சுவருக்கு அப்பால் மேவிஸ், அந்தத் தெருவில் முதல் முறையாக, ஒன்றும் சொல்லவில்லை.

4200ஐ லோவனின் கால்களைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிட்டு, மீதியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அந்த வட்டம் அவர் போகும் இடமெல்லாம் கூடவே நகர்ந்தது. அடுத்த வசந்தத்தில் திருமணம் நடந்தது. 1994இல் தோட்டம் கிடைத்தது. அவர் வளர்த்த லீக்ஸ் வெங்காயத்தாள் சுமாராகத்தான் வந்தது. வட்டத்துக்குள் 4200ஆம் ஆண்டின் வானிலை. அந்த ஆண்டில் மழை கிடையாது. பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் குடை பிடித்திருக்க, அவர் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றால் மட்டுமே அதில் நனையாமல் நிற்க முடியும். வாக்லியில் வருடத்தில் பாதி நாள் மழை பெய்தது. ஈனிட் அதன் பிறகு குடையே வாங்கவில்லை.