அக்கா ரொட்டி

வேதாச்சலம் சுட்ட ரொட்டியைச் சித்தூரில் காய்ச்சல் வந்தவர்கள்தான் தின்றார்கள். வீட்டில் யாராவது படுத்துவிட்டால் அவன் கடைக்கு ஆள் ஓடிவரும். படுத்தவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அந்தக் குடும்பமே அவனை மறந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் கடை இருந்ததால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கடைப் படியில் சிரித்த முகத்தோடு ஏறியவர்கள் குறைவு.

அவன் வேலூரில் ஒரு ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்தே தோள் வளர்த்தவன். புளித்த மாவை அடுத்த நாளைக்கு எடுத்து வைப்பது, அது பொங்கும் நேரம் பார்த்துப் பிசைவது, பிசைந்ததைத் தூக்கி மரப்பலகையில் அறைவது எல்லாமே அங்கே அடிவாங்கிக் கற்றவை. அறுத்தால் பஞ்சு போல இருக்கும் ரொட்டி. அதில் அவனுக்குக் கர்வம் உண்டு. கர்வப்படுகிற அளவுக்கு யாரும் அதைப் பாராட்டவில்லை என்பதுதான் குறை.

அவன் மனைவி கன்னியம்மாள் ரேணிகுண்டாப் பெண். அவள் அப்பா திருவேங்கடம் அங்கே ரயில்வே இஞ்சினீர் துரையின் பங்களாவில் சமையல்காரர். துரைசாணி சொல்லிக் கொடுத்த வாழைப்பழ ரொட்டியை அவர் தன் வீட்டுக்கும் கொண்டுவந்தார். சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீடு அது. அதனால் முட்டையை எடுத்துவிட்டுத் தயிரைச் சேர்த்தார். சர்க்கரைக்கு வெல்லம், வெண்ணெய்க்கு நெய், வாசனைக்கு ஏலக்காய். பங்களாவில் ஒரு ரொட்டி, வீட்டில் ஒரு ரொட்டி என்று ஆகி, வீட்டு ரொட்டி பெண்கள் இருவருக்கும் வாய்ச்சொல்லாக வந்து சேர்ந்தது. மறுவீடு போனபோது வேதாச்சலமே அதை மூன்று துண்டு தின்றுவிட்டு, "மாமா, கையக் கழுவ மனசு வரல" என்று சொன்னவன்தான்.

ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்த வருஷம் அது. சித்தூர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று கோர்ட்டு வாசலில் நாள் முழுக்கப் பேச்சு ஓடியது. அப்படி ஒரு நாள் காலையில் வேதாச்சலத்தின் புளித்த மாவு செத்துவிட்டது. பிசைந்து வைத்தது பிசைந்தபடியே கல்லு மாதிரிக் கிடந்தது. அடுப்பு மட்டும் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

கன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். "அடுப்புச் சூடு வீணாப் போவுதுங்க. வீட்ல பழம் தோல் கறுத்துப் போய்க் கெடக்குது. எங்க நைனா செய்யறத செஞ்சு பாக்கட்டுமா?"

"இன்னாவோ செய்" என்றான் அவன்.

அவள் பழத்தை வெல்லத்தோடும் நெய்யோடும் மசித்தாள். தயிரில் சோடா உப்பைப் போட்டு அது நுரைத்து மேலே வந்ததும் கொட்டினாள். மைதாவைத் தூவி மரக்கரண்டியால் மெல்லப் புரட்டி, மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கையை எடுத்துவிட்டாள். பிசையவில்லை, அறையவில்லை, பொங்கக் காத்திருக்கவில்லை. அவனுடைய தகர அச்சுகளிலேயே ஊற்றி அடுப்பில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தது.

முதலில் வந்தவர் ஆதிநாராயணன் வக்கீல். சுத்த சைவம். முட்டை இருக்கும், மாவு புளிக்கக் கள் ஊற்றியிருப்பான் என்று அந்தப் படியே ஏறாதவர். "இதில முட்டை உண்டா?" என்று தெருவில் நின்றே கேட்டார்.

"இல்லீங்கய்யா. எங்க வூட்ல சனிக்கெழமைக்கிச் செய்யறது" என்றாள் கன்னியம்மாள்.

வக்கீல் தின்றார். பிறகு தன் குமாஸ்தா சிட்டிபாபுவைக் கூப்பிட்டார். அவன் தெலுங்குக்காரன், வாயாடி. ஒரு கடி கடித்துவிட்டு, "அய்யோ அக்கா, எந்த பாகுந்தி, எவ்ளோ நல்லாருக்குது! இத்தன நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்று கத்தினான். சாயங்காலத்துக்குள் அச்சுகள் காலி.

மறுநாள் புதுப் புளிப்பு வந்தது, வேதாச்சலம் தன் ரொட்டியைச் சுட்டான். ஆனால் வந்தவர்கள் அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா ரொட்டி இல்லியா?" என்று கேட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவனுடையது வெறும் ரொட்டி, அவளுடையது அக்கா ரொட்டி.

வருஷங்கள் ஓடின. எல்லையைப் பற்றிக் கோர்ட்டு வாசலில் தமிழ் வக்கீல்களும் தெலுங்கு வக்கீல்களும் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவார்கள். போட்டுவிட்டு இரண்டு கட்சியும் கன்னியம்மாளின் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். அவன் ரொட்டிக்கு ஒருநாளும் வராத சிரிப்பு அவர்கள் முகத்தில் இருக்கும். உள்ளே மாவுப் பலகைக்குப் பின்னால் நின்று வேதாச்சலம் அதைப் பார்ப்பான். மிளகாய் அரைத்த கை மாதிரி மனசு காந்தும்.

சிட்டிபாபு அக்கா புருஷன் முறையில் அவனை "பாவா" என்று உறவு கொண்டாடினான். அந்த ஆளும் தன் பெண்டாட்டியும் பேசிச் சிரிப்பதில்தான் எரிச்சல் என்று வேதாச்சலம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அது அப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தியிருக்கலாம், அவனைக் கடைக்கு வராதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிட்டிபாபு அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான், ரொட்டியைத்தான் பார்ப்பான். வேதாச்சலத்துக்குப் பொறாமை அந்த ரொட்டி மேல்தான். தோள் வலிக்கப் பிசைகிறவன் ஒருத்தன் இருக்க, கரண்டியால் கிண்டுகிறவளுக்கு ஊர் வாய் திறக்கிறதே என்ற காந்தல். இதை எந்த மனிதனிடம் போய்ச் சொல்வது?

சொல்ல முடியாதவன் சின்னச் சின்னதாய்ச் செய்தான். மண்டியில் கனிந்த பழம் குவிந்து கிடக்கும்போது காய்வெட்டாகப் பார்த்து வாங்கி வந்தான். அவள் அதை வைக்கோலில் மூடிப் பழுக்க வைத்துக்கொண்டாள். அடுப்பின் நல்ல சூட்டையெல்லாம் தன் ரொட்டிக்கு எடுத்துக்கொண்டு, அணையப் போகிற சூட்டை அவளுக்கு விட்டான். அந்த மெல்லிய சூட்டில் அவள் ரொட்டி இன்னும் நிதானமாக வெந்து, மேல்தோல் தேன் நிறத்துக்கு வந்தது. ஊர் இன்னும் அதிகமாகப் புகழ்ந்தது.

ஒருமுறை திருப்பதியில் அவள் தங்கச்சி குழந்தைக்கு மொட்டை. கன்னியம்மாள் ஒரு வாரம் போய்விட்டாள். நாமே செய்தால் என்ன என்று வேதாச்சலத்துக்குத் தோன்றியது. பார்த்துப் பார்த்து எல்லாம் தெரியும். பழம், வெல்லம், நெய், தயிர், எல்லாவற்றையும் அவளைவிடத் தாராளமாகவே போட்டான். ஆனால் மாவைக் கண்டதும் அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. வேலூரில் பழகிய கை, அடித்துப் பிசைந்துவிட்டது. வெந்து வந்தது ரப்பர் மாதிரி இழுத்தது. அதை அக்கா ரொட்டி என்றே தட்டில் வைத்தான்.

சிட்டிபாபு ஒரு கடி கடித்தான். மென்றான். கொஞ்ச நேரம் மென்றான். பிறகு மரியாதையாகவே, "பாவா, அக்கா ஊர்ல லேதா?" என்று கேட்டான்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து மறந்துவிட்டார்கள். வேதாச்சலம் மிச்சத்தை மாட்டுக்குப் போட்டான். மாடு தின்றது, அது ஒரு ஆறுதல்.

அதற்குப் பிறகுதான் அவன் எல்லைக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தான். ஆதிநாராயணன் வக்கீல் வீட்டு மாடியில் கூட்டம் நடக்கும். இத்தனை வருஷம் கடையை விட்டு நகராதவன் அங்கே எழுந்து நின்று, தமிழன் தமிழ் மண்ணில்தான் இருக்க வேண்டும் என்று தொண்டை கட்டப் பேசினான். கைதட்டினார்கள். தனக்காகக் கைதட்டல் கேட்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. கடைசியில் தீர்ப்பு வந்து, திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். வேதாச்சலம் மட்டும் எழுந்து, "நான் திருத்தணிக்கே குடி போறேன்" என்றான். வக்கீல் அவன் தோளைத் தட்டி, "இதுதான் வீரம்" என்றார்.

அன்று மத்தியானம் கன்னியம்மாள் பழம் மசித்துக்கொண்டிருந்தபோது சொன்னான். "திருத்தணி நம்ம பக்கம் வந்துடிச்சி. ஸ்டேஷனாண்ட கடைக்கி எடம் பாத்துட்டேன். நாம அங்க போயிடலாம்."

அவள் கையை நிறுத்தாமலேயே, "போலாமே. முருகன் ஊருதான" என்றாள். பிறகு நிமிர்ந்து, "அங்கயும் வாழப்பழம் நல்லா கெடைக்குங்களா?" என்று கேட்டாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவனால்தான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. "கெடைச்சா இன்னா, கெடைக்காட்டி இன்னா? அங்க நீ அத செய்யக் கூடாது" என்று வாயை விட்டுவிட்டான்.

கரண்டி நின்றது.

"அப்ப தமிழுக்காக இல்ல" என்றாள் கன்னியம்மாள். "என் ரொட்டிக்காகத்தான் ஊரையே உட்டுப் போறீங்க."

அவன் கண்ணால் செருப்பைத் தேடினான்.

"காய் வாங்கினு வந்தீங்களே, அப்பவே தெரியும். அணையற அடுப்ப உட்டீங்களே, அப்பவும் தெரியும். கோபம் இல்ல எனக்கு. ஆம்பளைக்கி மனசு ஆற நாளாவும்னு இருந்தேன்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊர் மாத்தணும்னா வர்றேன். காட்டுக்குக் கூப்டாலும் வர்றேன். இத உட்டுட்டு மட்டும் வரமாட்டேன். எங்க நைனா எனக்கு நெலமா எழுதி வெச்சாரு? இதத்தான் குடுத்தாரு."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கோர்ட்டைச் சுற்றி நடந்தான், ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தான். திருத்தணியில் ஒரு கடை, அதில் அவன் மட்டும், அவன் ரொட்டி மட்டும் என்று நினைத்துப் பார்த்தான். இத்தனை நாள் இனித்த நினைப்பு அன்றைக்கு இனிக்கவில்லை. போகவும் இல்லை, போகவில்லை என்று சொல்லவும் இல்லை. வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கன்னியம்மாள் விறகு போட்டு வைத்திருந்த பக்கத்து அறையைக் காலி செய்தாள். வெதுருகுப்பத்திலிருந்து கங்கையா என்ற கொத்தனாரை வரவழைத்தாள். அவளுக்கென்று தனி அடுப்பு. கங்கையா கிணறு கட்டுவான், சுவர் எழுப்புவான். ரொட்டி அடுப்பு கட்டியதில்லை. அவன் யோசித்துவிட்டு, நேராக வேதாச்சலத்திடம் வந்தான்.

"சாமி, மேல வளைவு எவ்ளோ ஒசரம் வெக்கணும்?"

வேதாச்சலம் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. வளைவு தாழ்ந்து வந்தால்தான் சூடு ரொட்டி மேல் இறங்கும். உயர்ந்துபோனால் சூடெல்லாம் உச்சியில் தங்கி, மேலே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும்.

"நல்லா ஒசரமாவே வை" என்றான். "தாராளமா இருக்கட்டும்."

கங்கையா நம்பிப் போனான்.

வேதாச்சலம் பிசைந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கங்கையாவின் கரணை செங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தான். வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தூக்கலாக, ஒரு பக்கம் சப்பையாக, பார்க்கவே கூசியது. திரும்பி வந்து பிசைந்தான். மறுபடியும் போய்ப் பார்த்தான். தரையில் செங்கல்லுக்குக் கீழே மணல் இருந்தது, உப்பு இல்லை, கண்ணாடித் தூள் இல்லை. சூடு எப்படி நிற்கும்? யாருடைய அடுப்பாக இருந்தால் என்ன, இப்படி ஒரு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவனால் முடியவில்லை. எலும்பு கோணலாகச் சேர்வதைப் பார்த்து நிற்கிற வைத்தியன் மாதிரி உடம்பு துடித்தது.

"கங்கையா, நிறுத்து. இடிச்சிடு."

"நீங்கதான சாமி ஒசரமான்னு…"

"நான்தான் சொன்னேன். இடி."

அவனே கையை விட்டு ஈரக் கற்களை உருவினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். தரையைப் பிரித்து உப்பும் கண்ணாடித் தூளும் கொட்டி மட்டம் பார்த்தான். ஈர மணலைக் குவித்து வளைவுக்கு அச்சு செய்து, அதன் மேல் கல் கல்லாகத் தானே அடுக்கினான். கங்கையா சாந்து குழைத்துக் கொடுக்கிற ஆளாகிவிட்டான். நிமிர்ந்தபோது வாசலில் கன்னியம்மாள் நின்றிருந்தாள்.

"மொதல்ல தப்பாத்தான் சொன்னீங்களா?"

"ஆமா" என்றான் வேதாச்சலம்.

அவள் உள்ளே போய் மோர் கொண்டுவந்து, சாந்துக் கையோடு இருந்தவனுக்குச் சொம்பைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள்.

சாந்து காய்ந்து, மெல்ல மெல்லச் சூடேற்றிப் பழக்கி, புது அடுப்பில் முதல் ரொட்டி வெந்து வந்தபோது கோர்ட்டுக் கூட்டம் வாசலில் நின்றது. சிட்டிபாபு வாய் நிறைய ரொட்டியோடு, "அக்கா, முன்ன விட பாகுந்தி!" என்றான்.

"அடுப்பு உங்க பாவா கட்டனது" என்றாள் கன்னியம்மாள்.

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. வேதாச்சலத்துக்குக் காது சூடாயிற்று, மார்பு கொஞ்சம் விரிந்தது. அப்போது பார்த்து ஆதிநாராயணன் வக்கீல், "ஏம்ப்பா, திருத்தணி எப்போ?" என்று கேட்டுவிட்டார்.

"போகலீங்கய்யா."

"கூட்டத்தில அப்படிப் பேசினியே?"

"பேசனேன்ங்க. வீட்ல வரமாட்டேன்னுட்டா."

கூட்டம் சிரித்தது. அவன் அதைத் தாங்கிக்கொண்டான். சிரித்து முடித்ததும் எல்லாத் தலையும் மறுபடி அவள் தட்டுப் பக்கமே திரும்பிவிட்டது. அந்தப் பழைய காந்தல் இருந்த இடத்திலேயே இருந்தது. போய்விடும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு கன்னியம்மாள் ஒரு ஓரத் துண்டை வாழையிலைக் கிழிசலில் வைத்து நீட்டினாள். அவன் தின்றான். நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"ஏலக்கா கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றான்.

"அப்பிடியா? நாளைக்கிக் கொறைச்சிப் போடறேன்" என்றாள் அவள்.

மறுநாள் அவள் கொஞ்சமும் குறைக்கவில்லை.