வெள்ளை டிரம் தண்ணீர்

மாக் கின்-போ வெள்ளை டிரம்மின் மூடியைத் திறந்து, விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை. சந்தேகத்துக்கு ஒரு கை அள்ளி வாயில் வைத்துக் கொப்பளித்தும் பார்த்தார். துளிக்கூட உப்பு இல்லை. முதலில் திக்கென்றது. பிறகு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் மனைவி லாய்-ஃபோங் தப்புச் செய்து அதை அவர் கண்டுபிடித்தது இதுதான் முதல் தடவை.

லாய்-ஃபோங் அன்று காலைதான் முழங்கால் மூட்டை மாற்றிக்கொள்ள ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை. மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அதைத் தள்ளிப்போட முடியாது. கிளம்பும்போது தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவைக் காட்டி, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் வெள்ளை டிரம்மிலிருந்து எடுத்து ஊற்று என்றாள். வேறு எதையும் தொடாதே என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீயா எதையும் யோசிக்காத" என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தைதான் மாக்குக்குத் தைத்தது.

ஷாவ் கெய் வான் என்ற கடலோரப் பகுதியில் அவர்களுடைய வீடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவு. அதில் பாதிக் கூடத்தைத் தொட்டி எடுத்துக்கொண்டிருந்தது. மடக்கு மேஜையை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தால் மாக்கின் முழங்கை கண்ணாடியில் இடிக்கும். உள்ளே பாறைகள், பாறைகளில் பவளங்கள், ஒரு ஜோடி ஆரஞ்சு மீன், வெள்ளைக் கோடு போட்ட ஒரு இறால். நடுவில், பச்சை விரல்களை எந்நேரமும் ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பவளம். அது அவர்களுடைய ஒரே மகன் சுன்-ஹின் தன் முதல் சம்பளத்தில், வளர்ப்பு மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தங்கமீன் தெருவில் வாங்கி வந்தது. வாங்கும்போது கட்டைவிரல் அளவுதான் இருந்தது. இப்போது ஒரு முழுக் காலிஃப்ளவர் அளவுக்குப் பெருத்துவிட்டது.

சுன்-ஹின் மனைவியோடு மான்செஸ்டர் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. போகாதே என்று மாக் சொன்னார். அவன் கேட்கவில்லை. போனால் போனதுதான், எனக்கு போன் பண்ணாதே என்றார். அதை மட்டும் அவன் கேட்டுக்கொண்டான். விமான நிலையத்துக்கு எல்லோரும் போன அன்று மாக் கீழே பூங்காவில் சீட்டாடிக்கொண்டிருந்தார், எல்லா ஆட்டத்திலும் தோற்றார். அம்மாவும் மகனும் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசிக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து மாக்குக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மெல்லிய கதவு. பேசுவது ஒன்றுவிடாமல் கேட்கும். பேச்சு முழுக்கத் தொட்டிதான். பவளம் புதுத் தலை விட்டிருக்கா, மீன் முட்டை வைத்ததா, பாறையில் பழுப்புப் பாசி போனதா. மகன் விட்டுப்போன தொட்டியை அம்மா போனிலேயே கற்றுக்கொண்டு வளர்த்தாள். உப்பைக் கரைத்துக் கடல் செய்யவும், கருவியை வைத்து உப்பின் அளவு பார்க்கவும், தண்ணீரில் சுண்ணாம்பு குறைந்தால் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும் அவளுக்கு இப்போது அத்துப்படி.

மாக்குக்கும் ஒன்று அத்துப்படி. குழாய். இந்த ஊர்க் கழிப்பறைகளில் பீறிட்டு வருவது கடல் தண்ணீர். குடிக்க ஒரு குழாய், கழிப்பறைக்கு ஒரு குழாய் என்று கட்டடம் முழுக்க இரண்டு ஓடும். அந்த உப்புக் குழாயைப் போட்டும் பழுது பார்த்தும்தான் மாக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கடலைப் பதினேழாவது மாடிக்கு ஏற்றியவன் நான், எனக்கா கடல் தெரியாது என்று சீட்டாட்டத்தில் பெருமையடித்துக்கொள்வார். பக்கத்திலேயே கடல் ஓடிக்கொண்டிருக்க, அதே கடலைப் பையில் உப்பாக வாங்கி வந்து கரைக்கிறாளே என்று மனைவியைக் கிண்டல் செய்ததும் உண்டு.

ஆகவே அவர் யோசித்தார். கடல் மீன்களுக்குச் சப்பென்ற தண்ணீரை ஊற்றினால் செத்துப்போகாதா? பாவம், ஆபரேஷன் பயத்தில் உப்புப் போட மறந்திருக்கிறாள். வெள்ளை டிரம்மைக் குளியலறையில் கவிழ்த்துவிட்டு, கழிப்பறைத் தொட்டியின் மேல் மூடியைக் கழற்றி, உள்ளே வரும் குழாயிலேயே ரப்பர் டியூப்பைச் செருகினார். தேங்கிய தண்ணீரைப் பிடிக்கவில்லை, குழாயில் வந்த தண்ணீரைத்தான் பிடித்தார். அந்த அளவுக்குச் சுத்தம் பார்க்கிறவர். நாக்கில் வைத்தார். நல்ல கரிப்பு. குளோரின் வாசனை லேசாக இருந்தது. அதனாலென்ன, மனுஷன் குடிக்கிற தண்ணீரிலும்தான் அதைப் போடுகிறார்கள். சிவப்பு நாடா வரைக்கும் ஊற்றினார். தொட்டி விளக்கின் சூட்டில் தண்ணீர் தினமும் இரண்டு விரல் வற்றியது. தினமும் ஊற்றினார்.

முதலில் போனது இறால். பாறையடியில் மல்லாந்து கிடந்தது. வயதாகியிருக்கும் என்று நினைத்தார். அப்புறம் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மறுநாள் காலை, கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தபோது, பச்சை விரல்கள் ஆடவில்லை. எல்லாம் உள்ளே சுருங்கி, வெள்ளை எலும்பு வெளியே தெரிந்தது. மாக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கண்ணாடியை விரலால் தட்டினார். தூங்குகிறவரை எழுப்புவது போலத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார். இந்தத் தடவை நிஜமாகவே.

ஆஸ்பத்திரியில் லாய்-ஃபோங் ஆபரேஷன் முடிந்து, காலைக் கட்டையாக நீட்டிப் படுத்திருந்தாள். வலி எப்படி என்று அவர் கேட்பதற்குள் தொட்டி எப்படி என்று அவள் கேட்டாள். மாக் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் எப்போதோ எடுத்து அனுப்பியிருந்த தொட்டி வீடியோ ஒன்றைத் தன் போனில் தேடி எடுத்து, இன்று காலை எடுத்தது என்று நீட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு அனுபவம் போதாது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். இறால் ஓடியது, பச்சை விரல்கள் ஆடின, அவள் முகம் மலர்ந்தது. வீடியோ முடிகிற இடத்தில் அவளுடைய குரலே கேட்டது: "கிழவா, கஞ்சிய ஒழுகவிடாமத் தின்னு."

பக்கத்துப் படுக்கைக்காரி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். லாய்-ஃபோங் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"என்ன செஞ்ச?"

மாக் சொன்னார். டிரம்மில் தொடங்கி ரப்பர் டியூப் வரைக்கும் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அவள் திட்டவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"வத்துறது தண்ணி மட்டும்தான்" என்றாள், சோர்வாக. "உப்பு எங்க போகும்? அது உள்ளயேதான் கெடக்கு. அதனாலதான் நல்ல தண்ணி ஊத்தச் சொன்னேன். நீ உப்பு மேல உப்பா ஊத்தியிருக்க. அதுவும் கக்கூஸ் தண்ணிய."

மாக் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் அவனுக்கும் பேச வேற என்ன இருக்கு சொல்லு" என்றாள். "வேல எப்படி, பொண்டாட்டி எப்படிச் சமைக்கிறா, எதாவது சொன்னானா? அங்க என்ன கஷ்டமோ, ஒரு வார்த்த சொல்லமாட்டான். அந்தப் பச்சையக் காட்டுனா மட்டும் சிரிப்பான். அது செத்துப்போச்சுன்னா, ஞாயித்துக்கிழம அவன் எதப் பாக்கக் கூப்பிடுவான்?"

அவள் அழுதாள். காலை அசைக்க முடியாததால் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். மாக் என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையின் நுனியைச் சரிசெய்தார். சுவரைப் பார்த்தபடியே அவள் தன் போனை அவர் பக்கம் தள்ளினாள்.

"அவங்கிட்டக் கேளு. என்ன செய்யணும்னு அவனுக்குத்தான் தெரியும். நான் கேக்கமாட்டேன். ஊத்துனவன் நீ."

டிராமில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தார். 'எப்படி இருக்க' என்று தொடங்கலாம், ஆனால் இரண்டு வருடம் கழித்து அதைக் கேட்கிற வாய்க்கு வெட்கமாக இருக்கும். 'சாப்பிட்டியா' என்று தொடங்கலாம். அங்கே மதியமா காலையா? கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, லாய்-ஃபோங்கின் போனில் மகனைக் கூப்பிட்டார். தன் முகம் தெரியாதபடி கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"ம்மா? ஆபரேஷன் நல்லபடியா ஆச்சா?" என்றது திரை. சுன்-ஹின் இளைத்திருந்தான். பின்னால் ஏதோ ஒரு கிடங்கு, அட்டைப் பெட்டிகள், கையில் பாதி தின்ற ரொட்டி. அவர் நினைத்ததைவிட முடி கொட்டியிருந்தது.

"நாந்தான்" என்றார் மாக்.

அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவன் பதறப்போகிறான் என்று புரிந்து, மாக் அவசரமாக அம்மா நன்றாக இருக்கிறாள், தொட்டிதான் நன்றாக இல்லை என்று சேர்த்துச் சொன்னார். பிறகு கழிப்பறைக் குழாயைப் பற்றிச் சொன்னார். முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தார். மகன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். சிரிக்கிறான் என்று முதலில் நினைத்தார். சிரிப்புத்தான், ஆனால் கண்ணைத் துடைத்த விதம் சிரிக்கிறவன் துடைக்கிற மாதிரி இல்லை.

"கிட்டக் கொண்டுபோ" என்றான். "பச்சையோட அடிப்பக்கம். இன்னும் கிட்ட. அழுகுன நாத்தம் அடிக்குதா?"

மாக் முகத்தைத் தண்ணீருக்கு மேல் நீட்டி மோந்து பார்த்தார். பெரும்பாலும் எலும்புதான். ஓர் ஓரத்தில் மட்டும், பட்டாணி அளவுக்கு ஏதோ பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் இல்லை என்றார்.

அப்புறம் மகன் சொல்லச் சொல்ல அப்பா செய்தார். அலமாரியில் குளோரினை முறிக்கிற வெள்ளைக் கற்கள் இருந்தன, கரைத்து ஊற்றினார். அழுக்கை இழுக்கும் கரித்தூள் பையை உள்ளே மாட்டினார். தொட்டி விளக்கை அணைத்தார். சமையலறையில் குடிதண்ணீர் வடிகட்டியைத் திறந்து அதன் கீழே வெள்ளை டிரம்மை வைத்தார், தண்ணீர் நூல்போல இறங்கியது. மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடுகிறேன் என்று வாளியோடு வந்தவரை மகன் தடுத்தான். கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஊற்று, மறுபடி நாளைக்கு, மறுபடி நாளை மறுநாள், அவசரப்பட்டால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்றான். மாக் எதிர்த்துப் பேசவில்லை. தோள்வரை நனைந்து, பனியனெல்லாம் உப்பு.

"பொழைக்குமா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா" என்றான் சுன்-ஹின். "நாளைக்குக் காட்டு. பாக்கலாம்."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. தொட்டியின் மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"தொட்டியப் பாத்துட்டேன். கேமராவ ஒன் பக்கம் திருப்பு."

மாக் திரையில் கேமராவைத் திருப்பும் பொத்தானை அழுத்தினார். ஈரக் கட்டைவிரலுக்குத் திரை அசையவில்லை. பனியனில் துடைத்தார், பனியனும் ஈரம். "இருடா, வச்சிராத" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் திரைச்சீலையில் விரலைத் தேய்த்தார், தேய்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினார்.