திறக்காத முகவரி

தயானி மடிக்கணினியை மூடிவிட்டு முன்னறைக்கு வந்தபோது, அப்பாவின் தலைமாட்டில் தேவாரம் தொடங்கியிருந்தது.

அப்பா கனகசுந்தரம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் மருந்து கொடுத்தவர். ஓய்வுபெற்றுப் பதுளைக்கு வந்த பிறகும் தெரிந்தவர்களுக்கெல்லாம் மாதம் தவறாமல் ஒரு மின்மடல் அனுப்புவார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்வது, கிளினிக் எந்த நாளில் என்று. கொழும்பில் விளம்பர மடல்கள் அனுப்பும் கம்பெனியில் வேலை செய்யும் தயானிதான் அதை அமைத்துக் கொடுத்தவள். மரண அறிவித்தலையும் இன்று காலை அவளே அனுப்பினாள். வெளிநாட்டுக்காரருக்கு ஒன்று; வந்து சேரக்கூடியவர்களுக்கு, கிரியை விவரத்தோடு வேறொன்று.

"மடுல்சீமை ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லையே, பிள்ளை," என்றார் அம்மா குணமணி. "அறிவிச்சனியோ?"

"ஓம் அம்மா. எல்லாருக்கும் போட்டனான்."

சொல்லிவிட்டாளே தவிர மனம் ஆறவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தாள். வந்து சேரக்கூடியவர்களின் பெயர்களை வடிகட்ட இரண்டு நிபந்தனை போட்டிருந்தாள்: ஊவா மாகாணத்தில் இருப்பவர்கள், அண்மையில் மடலைத் திறந்தவர்கள். இரண்டாவது, அலுவலகப் பழக்கத்தில் கை தானாகப் போட்டது. மடுல்சீமைக்கு இருந்ததே ஒரு முகவரி, தொலைபேசியும் இணையமும் வைத்திருக்கும் அலவியின் கொமியூனிகேஷன் கடை. அது திறக்காதவர் பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

தொலைபேசியில் அலவி பதறினார்.

"யா அல்லாஹ்! ஐயாவா? ஒன்டும் வரல்லியே மகள்!"

"நீங்கள் அப்பான்ர மடலைத் திறக்கிறதே இல்லையெண்டு காட்டுது, அலவி நானா."

"தொறக்காமலா? மாசா மாசம் ப்ரின்ட் எடுத்துக் கடைச் சுவத்துல ஒட்டுறேன். தோட்டத்து லயத்துச் சனம் பூரா நின்டு வாசிக்கிறாங்க. படம் வந்தா லைன் இழுக்காது, அதான் படத்த நிப்பாட்டி வெச்சிருக்கேன்."

மடலிலுள்ள படம் இறங்கினால்தான் திறந்ததாகக் கணக்கு. தயானிக்குத் தெரியாததல்ல.

"வைங்க மகள். லொறி ஒன்டு புடிச்சி சனத்த அனுப்புறேன்."

முன்னறையில் தாய்மாமன் தனேஸ்வரன் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். "ஒண்டரைக்கு இராகு காலம். அதுக்கு முதல் எடுத்திட வேணும்."

"பொறுங்கோ மாமா. மடுல்சீமைக்குச் சொல்லாமல் விட்டது நான். அவையள் முகம் பாக்காமல் அப்பாவை எடுக்க வேண்டாம்."

"உனக்கென்ன விசரோ? சுடலையில ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்!"

குணமணி கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இராகு காலம் முடியட்டும், தம்பி," என்றார்.

தனேஸ்வரன் முறைத்தபடி வாசலுக்குப் போனார்.

மூன்று மணி தாண்டி, கொட்டும் மழையில் லொறி வந்து நின்றது. முதலில் இறங்கிய, கொழுந்து பறிக்கும் பெரியாயி வாசல் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"மலையில இருந்து அப்படியே ஏறிட்டோங்க அம்மா. உடுப்பெல்லாம் சேறு."

தயானி அவளிடம் ஓடினாள். "நான்தான் சொல்லாமல் விட்டிட்டன்..."

"இப்ப சொல்லிட்டீங்கள்ல பாப்பா. போதும்." பெரியாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். "கொதிக்க வெக்காம பச்சத்தண்ணி குடிச்சா ஐயா என்னா ஏசு ஏசுவாரு! இப்பப் பாருங்க, வாயே தெறக்காம..." சிரிக்கப் போனவளுக்குக் குரல் உடைந்தது.

குணமணி எழுந்து வந்து, சேற்றுக் கையைப் பற்றித் தலைமாட்டுக்கு அழைத்துப் போனார்.

தயானி வெளியே பார்த்தாள். லொறியின் பின்பலகையடியில் தனேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். இறங்கும் ஒவ்வொருத்திக்கும் தோளைக் கொடுத்து, தன் குடையை அவள் தலைக்குமேல் பிடித்துப் படலைவரை கொண்டுவந்து விட்டார். பிறகு அடுத்தவளுக்காக மழையில் திரும்பிப் போனார்.