நனையாத விரிப்பு

சூரியன் எங்கே போய்த் தொலைந்தானோ, பத்து நாளாக ஆளையே காணோம். மொட்டை மாடிக்குப் பூட்டு. பால்கனியில் ஒரு கைக்குட்டை தொங்கினாலும் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். ஆகவே, இருந்த இரண்டு அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி எல்லாத் துணியையும் தொங்கவிட்டிருந்தாள் மருமகள். நிமிர்ந்து நடந்தால் மூக்கில் ஈரக் காலுறை இடிக்கும்.

அதில் பாதி மாமனாருடையது. வாதம் வந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் இரண்டு வருடம். டயப்பர் கட்டினால் தொடையெல்லாம் புண். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு நனையும். "கிட்னி பாதிதான் வேலை செய்யுது. தண்ணி மட்டும் குறையவே கூடாது" என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் தலைமாட்டில் இரண்டு பாட்டில் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு நாள் அவள் பொறுமை போயிற்று. "இனிமே சட்டையை மூணு நாள் போடணும். ரெண்டு பேருக்கு ஒரு துண்டு" என்று சட்டம் போட்டாள்.

"மூணாம் நாள் பஸ்ஸே காலியா ஓடும்" என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

கட்டிலிலிருந்து மாமனார், "நானும் முடிஞ்சவரைக்கும் குறைச்சுக்கறேம்மா" என்றார்.

"நீங்க மனசு வச்சா பாதிக் கயிறு காலியாயிடும் மாமா" என்று அவள் விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் விரிப்பு இரண்டானது. அதற்கடுத்த நாள் ஒன்று. பாட்டில்கள் மாலையில் காலியாகத்தான் இருந்தன. உடம்பு தேறி வருகிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். போதாக்குறைக்கு, "தங்கமான மாமா" என்று மெச்சிக்கொள்ளவும் செய்தாள், பாவி.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தாள். "உங்க ஜன்னல்லேர்ந்து தினமும் யாரோ தண்ணி ஊத்தறாங்க. மழைன்னு நெனச்சு விட்டுட்டேன். இன்னிக்கு மழையே இல்ல, ஜன்னலோரம் கட்டியிருந்த துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு."

அந்த ஜன்னல் மாமனார் கட்டிலை ஒட்டியது. மருமகள் ஓடிப்போய் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு வறண்டு வெடித்திருந்தது. டாக்டருக்குப் போன் போட்டாள். "ஆம்புலன்ஸ் அனுப்பறேன். அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வைங்க" என்றார்.

டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"தெரியாம சொல்லிட்டேன் மாமா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நூறு விரிப்பானாலும் துவைக்கிறேன். ஒரே ஒரு வாய்."

சொன்னபடியே காலைப் பிடித்தாள். பிடித்தது அவருக்குத் தெரியவில்லை.

"இன்னிக்கு முழுக்க ஒரு துணிகூட நனைக்கலைம்மா, வேணும்னா தொட்டுப் பாரு" என்றார். பேச்சு குழறியது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவள் கை விரிப்பைத் தடவிப் பார்த்தது. எங்கேயும் ஈரமில்லை. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.